ஓடும்போது தெரியாத விரிசல்

ஓடிக்கொண்டிருந்த படத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். திரையில் ஒற்றைக் கண்ணாடிக் குப்பி பெரிதாகி நின்றது. அதன் கழுத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல்.

"விரிசல் சார்."

"தெரியுதா?"

"தெரியுது சார்."

"நல்லா தெரியுதா?"

"நல்லா தெரியுது சார்."

"அப்புறம் எப்படி விட்டீங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு தெரிகிறதா என்று கேட்டால் யாருக்குத்தான் தெரியாது? ஓட விட்டுக் கேட்க வேண்டியதுதானே? அந்த மனுஷருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ரீப்ளே. யாரைத் திட்ட வேண்டுமானாலும் பழைய படத்தைத் தேடி எடுத்து, நிறுத்தி, பென்சில் முனையால் தட்டித் தட்டிக் காட்டுவார். அதில் அவருக்கு ஒரு தனி ருசி.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊசி மருந்து அடைக்கிற கண்ணாடிக் குப்பிகள் செய்யும் தொழிற்சாலை அது. குப்பிகள் பெல்ட்டில் வரிசையாக ஓடும். மேலே இருக்கிற கேமரா அவற்றைப் படம் பிடிக்கும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆளுக்கொரு பெல்ட், ஆளுக்கொரு மானிட்டர். ஓடுகிற குப்பியைக் கண்ணால் பிடித்து, அது திரையைத் தாண்டுகிற வரைக்கும் கூடவே போக வேண்டும். விரிசலோ குமிழியோ கண்ணில் பட்டால் பட்டனைத் தட்ட வேண்டும்; அந்தக் குப்பி தொட்டிக்குள் தள்ளப்பட்டுவிடும். தட்டாவிட்டால் அது மருந்து அடைக்கப் போய்விடும். அங்கேயும் சோதிப்பார்கள், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. இங்கொன்று அங்கொன்றாக எடுத்துப் பார்ப்பதோடு சரி.

அக்காவுக்கு அந்த அறையில் ஊசிக்கண்ணு என்று பெயர். அதை வைத்ததே ரீப்ளேதான். புதிதாக யார் சேர்ந்தாலும் அவள் பக்கத்தில் உட்கார வைத்து, "இவங்க தட்டினா தட்டு, இவங்க விட்டா விடு" என்பார். மற்றவர்களெல்லாம் சந்தேகம் வந்தாலே தட்டிவிடுவோம். நான் சந்தேகம் வருவதற்கு முன்பே தட்டுவேன். போனால் போகிறது ஒரு குப்பி, என் அப்பன் வீட்டுச் சொத்தா? என்னை அங்கே மிளகாய் என்று கூப்பிடுவார்கள், காரணம் கேட்கத் தேவையில்லை. அக்கா அப்படி இல்லை. கண்ணால் பார்த்தால்தான் தட்டுவாள். அநியாயமாக ஒரு நல்ல குப்பியை அவள் தொட்டிக்குத் தள்ளியதில்லை.

அப்படிப்பட்டவள் விட்ட குப்பிகள் கொஞ்ச காலமாக மருந்து அடைக்கிற இடத்திலிருந்து திரும்பி வர ஆரம்பித்தன. ரீப்ளே அவளைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அது ரீப்ளேவுக்குப் போதவில்லை. இன்னொரு டாக்டர். அவரும் அதையே சொன்னார். பிறகு பெரிய ஆஸ்பத்திரி. கண்ணில் மருந்து ஊற்றி, அரை நாள் கண் கூசிக்கொண்டு என் கையைப் பிடித்துத்தான் வீட்டுக்கு வந்தாள். அங்கேயும் அதே பதில்.

"கண்ணு நல்லா இருக்குன்னா கவனம் இல்லன்னு அர்த்தம்" என்றார் ரீப்ளே இப்போது, எல்லார் முன்னாலும்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், ஸ்க்ரீன்ல குப்பி கலங்கலா, இழுத்துவிட்ட மாதிரி போகுது. எனக்கும்தான் தெரியல. நான் குத்துமதிப்பா தட்டிட்டு இருக்கேன். அக்கா அப்படித் தட்ட மாட்டேங்கறா, அதான் மாட்டிக்கிட்டா."

ரீப்ளே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். புது மானிட்டர்மா இது. உங்க வீட்டு டிவிய விட பளிச்சுன்னு இருக்கு."

பின்னால் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். அவளை அப்புறம் கவனித்துக்கொண்டேன், அது வேறு கதை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அம்மா முன்னால் சோதனை என்று ரீப்ளே அறிவித்தார். விரிசல் குப்பிகளை நல்ல குப்பிகளோடு கலந்து பெல்ட்டில் விடுவார்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் அக்கா கழுவும் பகுதிக்குப் போக வேண்டும். கழுவும் பகுதி என்றால் காலை முதல் மாலை வரை காரத் தண்ணீரில் கை. அங்கே போனவர்களின் விரல்களில் தோல் உரிந்து உரிந்து ரேகையே இருக்காது. அதைவிட, போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

"சரி சார்" என்றாள் அக்கா.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அதையே பிடித்துக்கொண்டேன். "சரி சாரா? சரி சாரா? நாக்கை வீட்ல கழட்டி வெச்சுட்டு வந்தியா?"

"வேற என்னடி சொல்லச் சொல்ற?"

"முடியாதுன்னு சொல்லு. ஸ்க்ரீனைப் பாருன்னு சொல்லு. அந்தப் பென்சிலைப் பிடுங்கி ரெண்டா உடைச்சுக் கையில குடு."

"நிறுத்திக் காட்டினா எனக்கே தெரியுதே. என்னன்னு சொல்றது?" என்றாள். அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். ரீப்ளே மேல் வந்த கோபத்தைவிட அப்போது அவள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். இரண்டு அறை, ஒரு ஜன்னல், தெருவைப் பார்த்த மாடி. அத்தான் பார்சல் வண்டி ஓட்டுகிறார். தங்கமான மனுஷர், அதுதான் தொல்லை. "விட்டுடு" என்றார் அன்று. "வீட்ல இரு. கண்ணைவிட வேலையா பெருசு? நான் இல்லையா?"

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல அத்தான். டாக்டருங்க எல்லாரும் சொல்லிட்டாங்க."

"சில பேருக்கு டாக்டருக்கே தெரியாதாம்மா" என்று மெதுவாகச் சொல்லி, விளக்கு வெளிச்சம் அக்கா முகத்தில் படாமல் திருப்பி வைத்தார். கெட்டவன் மேல் வருகிற கோபத்தைக் கொட்டிவிடலாம். நல்லவர்கள் மேல் வருகிற கோபத்தைத் துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

அந்த வாரம் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல். ஊசி போட வந்த நர்ஸின் கையிலிருந்து மருந்துக் குப்பியை அக்கா வெடுக்கென்று வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நர்ஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. "குடுங்கம்மா, வேலை இருக்கு" என்றாள். இங்கேயுமா கண்ணைச் சோதித்துக்கொள்வாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மாலை அவள் ஜன்னலில் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் கேட்டேன். கீழே தெருவில் பறக்கிற வண்டிகளின் நம்பர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டைச் சரிபார்க்க முயன்றேன். எனக்குக் கடைசி எழுத்து பிடிபடுவதற்குள் வண்டி முக்கு திரும்பிவிட்டது.

"இவ்வளவு வேகமா ஓடுற வண்டில படிக்கற. குப்பில மட்டும் தெரியலையா?"

"பெல்ட்டுக்கிட்ட போய் நின்னா குப்பியிலயும் தெரியுதுடி. நேத்து ஷிப்ட் மாறும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தேன். ஸ்க்ரீன்ல பாத்தாத்தான் இல்ல."

"அப்போ தப்பு யாரு மேல?"

அவள் அடுத்த வண்டியின் நம்பரைப் படித்தாள். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். விடிந்ததும் நேராகச் சிஸ்டம்காரரின் அறைக்குப் போனேன்.

சிஸ்டம்காரர் எங்கள் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். படித்தவர், சாது, கல்லுளிமங்கன். கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் வரும். வயர்களுக்கு நடுவில் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைத் தட்டவில்லை.

"சார், எங்க ஸ்க்ரீன்ல ஓடுற படம் ஏன் கலங்குது? நிறுத்தினா தெளிவா இருக்கு, ஓடினா கலங்குது. பதில் சொல்லாம ஒரு வாய்கூட சாப்பிட விட மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "அதைச் சரி பண்ண ஒரு சின்ன ப்ரோக்ராம் இருக்கு" என்றார். "ஆனா போட முடியாதும்மா. மருந்து சம்பந்தப்பட்ட இடம். இங்க எந்தக் கம்ப்யூட்டர்லயும் புதுசா எதையும் ஏத்தக்கூடாது. ஏத்தினா என்னை அனுப்பிடுவாங்க."

"மானிட்டர் வந்த புதுசுல நல்லாத்தானே இருந்துச்சு? அப்ப ப்ரோக்ராம் யாரு போட்டது?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும்.

"அப்ப போட்டது ப்ரோக்ராம் இல்லம்மா. அந்த வசதி மானிட்டருக்குள்ளயே இருக்கு. வெளிய தெரியற மெனுல வராது. உள்ள இன்னொரு மெனு இருக்கு, சர்வீஸ் ஆளுங்களுக்கு. விலை கூடின மாடல்ல வெளிய வெச்சிருக்காங்க, இதுல மறைச்சுட்டாங்க. ரெண்டு மாடலுக்கும் உள்ள இருக்கற சர்க்யூட் அட்டை ஒண்ணுதான். மாட்ட வந்த ஆளு நல்லவரு, நம்ம வேலையைப் பாத்துட்டு அதை ஆன் பண்ணி வெச்சுட்டுப் போனாரு."

"அப்புறம்?"

"விருந்தாளிங்க வந்தாங்கல்ல."

எனக்கு நினைவு வந்தது. வெளியூரிலிருந்து யாரோ பெரிய மனிதர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முதல் நாள் ரீப்ளே அறைக்குள் வந்து, ஸ்க்ரீனெல்லாம் இழவு வீடு மாதிரி மங்கிக் கிடக்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு மானிட்டரிலும் தன் கையாலேயே ரீசெட் கொடுத்தார். அறையே பளிச்சென்று ஆனது. நாங்கள் கைதட்டினோம். வெளிச்சம் கூடினால் தெளிவும் கூடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அக்காகூட, "அப்பாடா, இப்பத்தான் கண்ணைத் திறந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"ரீசெட் குடுத்தா அது போயிடும்" என்றார் சிஸ்டம்காரர். "படம் கலங்கறது எப்படின்னா, மானிட்டர்ல ஒவ்வொரு படமும் அடுத்த படம் வர்ற வரைக்கும் அப்படியே நிக்குது. ஆனா உங்க கண்ணு நிக்கறதில்ல, குப்பி கூடவே நகருது. நிக்கற படத்து மேல கண்ணு நகர்ந்தா, கண்ணுக்குள்ள படம் இழுபட்டுக் கலங்கிடும். அந்த வசதி ஆன்ல இருந்தா பின்னாடி விளக்கு விட்டு விட்டு எரியும். ஒவ்வொரு படமும் கண் சிமிட்டற நேரம்கூட இருக்காது, பளிச்சுன்னு வந்து மறைஞ்சிடும். இழுபட நேரம் இல்ல. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் குறையும்."

"இது ரீப்ளேவுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே சொன்னேன். வெளிச்சம்தான் முக்கியம், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்னாரு. அப்புறம் நான் கேக்கல."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைவிட மோசம் இது. கிள்ளிவிட்டு, ஏன் அழுகிறாய் என்று பிள்ளையை டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். அவரை விடுங்கள். இந்த ஊமை?

"எங்க அக்காவை டாக்டர் டாக்டரா அலைய விட்டாங்க. கண்ணுல மருந்தை ஊத்தி அனுப்பினாங்க. நாளைக்குக் கழுவற எடத்துக்குத் தள்ளப் போறாங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு இந்த ரூம்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தீங்களா? உங்களுக்கு எப்படி சார் உள்ள இறங்குது?"

அவர் டப்பாவை மூடிவிட்டார். பிறகு, "இன்னொண்ணு சொல்லணும். யாரு கண்ணு குப்பியை விடாம தொடருதோ, அவங்களுக்குத்தான் அதிகமா கலங்கும். சும்மா ஒரே எடத்தை வெறிச்சுப் பாக்கறவங்களுக்கு வித்தியாசம் அவ்வளவா தெரியாது" என்றார்.

அதாவது அக்காவின் கண் நன்றாக இருப்பதுதான் அவளுடைய குற்றம். மேஜையில் கையை ஊன்றி நின்றேன்.

"நான் கை வைக்க மாட்டேம்மா" என்றார் அவர். "ஆனா சொல்லித் தரேன். பவரை ஆஃப் பண்ணுங்க. மெனு பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பவரை ஆன் பண்ணுங்க. படம் வர்ற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. மூலையில பொடி எழுத்துல ஒரு மெனு வரும். அதுல ஸ்ட்ரோப்னு ஒரு வரி இருக்கும். அதை மட்டும் ஆன் பண்ணிட்டு, பவரை அணைச்சுப் போடுங்க. வேற எதையும் தொடாதீங்க, ஸ்க்ரீன் செத்துப்போயிடும்."

நன்றி சொல்ல வாய் வரவில்லை. சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ரீப்ளே வருவதற்கு முன்பே அக்காவை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். "வேண்டாம்டி. அவங்க பொருளு. ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும். நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

பவரை அணைத்தேன். கட்டைவிரலால் மெனுவை அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் பவரைத் தட்டினேன். இருட்டு. பிறகு ஒரு வெளிச்சம். மூலையில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடிப்பொடி எழுத்துகள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் படித்ததில்லை. அவசரத்தில் ஒரு வரி கீழே இறங்கி எதையோ அழுத்திவிட்டேன். திரை முழுக்கச் சிவப்பானது. பிறகு பச்சை. பிறகு நீலம். மறுபடி சிவப்பு.

"செத்துடுச்சு! சொன்னேன்ல!" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாகல, பெயிண்ட் அடிச்சுக்குது" என்றேன். அணைத்தேன். மறுபடி மெனு, மறுபடி பவர். இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு சரியான வரிக்குப் போய், ஆன் செய்து, அணைத்துப் போட்டேன். திரை சாயங்காலம் போல மங்கி வந்தது. எந்தக் கம்ப்யூட்டரையும் நான் தொடவில்லை, எதையும் ஏற்றவில்லை. ஒரு மானிட்டரின் இரண்டு பட்டன்கள்தான்.

ஷிப்ட் மணி அடித்து பெல்ட் ஓட ஆரம்பித்தது. நான் என் நாற்காலியில் உட்காராமல் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குப்பிகள் விளிம்பு விளிம்பாகத் தெரிந்தன. ஒன்றின் தோளில் விரிசல் ஓடுகிறது. அது ஓடுகிறபோதே எனக்குத் தெரிந்தது. அக்கா தட்டினாள். கொஞ்சம் கழித்து இன்னொன்று. தட்டினாள். உடனே மறுபடியும்.

"தெரியுதாக்கா?"

"தெரியுது."

"நல்லா?"

"எல்லாம் தெரியுது" என்றாள். அவள் சிரிப்பாள், இல்லை என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். சோதனையை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நினைத்து, முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

மேனேஜர் அம்மா வந்தார். அதிகம் பேசாதவர், கண்ணியமானவர், குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ரீப்ளே பெல்ட்டின் அந்தக் கோடியில் நின்று விரிசல் குப்பிகளின் அடியில் மைப்புள்ளி வைத்துத் தானே கலந்துவிட்டு வந்து, பென்சிலோடு அக்காவின் பின்னால் நின்றார். அக்காவின் கண் இடமிருந்து வலம் போனது, திரும்பியது, போனது. அவர் போட்டவை ஒவ்வொன்றும் தொட்டிக்குள் விழுந்தன. நடுநடுவே வேறு சில குப்பிகளும் விழுந்தன.

ரீப்ளே அதற்காகத்தான் காத்திருந்தார். "பாத்தீங்களா மேடம், நான் போடாத குப்பியையும் தட்டறாங்க. பயத்துல குத்துமதிப்பா தட்டறாங்க" என்று சொல்லி, தொட்டியிலிருந்து அந்தக் குப்பிகளை எடுத்து வரச் சொன்னார். லென்ஸை வைத்து முதல் குப்பியைப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மேனேஜர் அம்மா லென்ஸைக் கேட்டு வாங்கினார்.

"இதுலயும் விரிசல் இருக்கே" என்றார் மேனேஜர் அம்மா. "இதுலயும்."

ரீப்ளே அப்போதுதான் திரையைக் கவனித்தார். "இது ஏன் மங்கி இருக்கு? யாரு கை வெச்சது?"

"நான்தான்" என்று எழுந்தேன். அதற்கப்புறம் என் வாய்க்கு அணை இல்லை. விருந்தாளிகளையும் ரீசெட்டையும் டாக்டர்களையும் பென்சிலையும் வரிசையாகச் சொன்னேன். வரிசையாகச் சொன்னேனா என்றுகூடத் தெரியாது. "அவ கண்ணைக் கட்டிப் போட்டது நீங்க. அப்புறம் படத்தை நிறுத்தி வெச்சுக்கிட்டு, ஏன் தெரியலன்னு கேட்டதும் நீங்க. வெக்கமா இல்ல?" என்று முடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

மேனேஜர் அம்மா சிஸ்டம்காரரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வாசலிலேயே நின்றார். கடைசியில், "சார்கிட்ட அன்னிக்கே சொன்னேன் மேடம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு மாதம் ஆகியிருக்கிறது.

"மிஷின் கோளாறு மேடம், யாருக்குத் தெரியும்" என்றார் ரீப்ளே.

மேனேஜர் அம்மா லென்ஸை மேஜையில் வைத்தார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. இவங்க இங்கயே இருக்கட்டும். எல்லா ஸ்க்ரீன்லயும் இதை ஆன் பண்ணிடுங்க. இனிமே யாரும் ரீசெட் பண்ண வேண்டாம்."

அவ்வளவுதான். ஜெயித்துவிட்டோம். எனக்குக் கைகால் ஓடவில்லை. ரீப்ளேவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் சாப்பாடு இல்லாமல் இருக்கலாம் போலிருந்தது. அவரும் சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, "கேட்டீங்களாம்மா, வேலை பத்திரம். உக்காந்து நல்லா பாருங்க" என்றார், ஏதோ அவர் வாங்கிக் கொடுத்த மாதிரி.

அக்கா உட்காரவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, திரைக்கு முதுகு காட்டி நின்றாள். பின்னால் குப்பிகள் பார்ப்பாரில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"பெல்ட் ஓடுதும்மா!" என்று கத்தினார் ரீப்ளே. ஆள் பார்க்காமல் ஒரு குப்பிகூடப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். அவள் அசையவில்லை என்றதும் அவரே ஓடிப்போய் பெல்ட்டை நிறுத்தினார்.

"என்னம்மா?" என்றார் மேனேஜர் அம்மா. "கண்ணு நல்லா இருக்கு, வேலையும் இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"காலையிலேர்ந்து நான் எத்தனை தட்டினேன்னு பாத்தீங்களா மேடம்?" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது, எனக்கே பயமாகிவிட்டது. "இத்தனை மாசமா நாள் பூரா உக்காந்தும் இதுல பாதிகூடத் தட்டல. கண்ணுக்குத் தெரியல, அதனால தட்டல. விருந்தாளிங்க வந்த நாள்லேர்ந்து இந்தப் பெல்ட்டுல போனதெல்லாம் என் கண்ணு முன்னாடிதான் போச்சு. அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"அங்க மறுபடி செக் பண்ணுவாங்கம்மா."

"இங்கொண்ணு அங்கொண்ணு பாப்பாங்க மேடம். மத்தது ஆஸ்பத்திரிக்குப் போயிடும். அந்த விரிசல் வழியா காத்து போய் மருந்து கெட்டிருக்கும். அதை யாரோ ஒரு ஆளுக்கு ஏத்துவாங்க. போனதையெல்லாம் திரும்ப வரவழைங்க. அது வர்ற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

மேனேஜர் அம்மா மேஜையிலிருந்த லென்ஸை மறுபடி கையில் எடுத்தார். இத்தனை மாதமாக அவள் வேலையை நினைத்துத்தான் தூக்கம் கெட்டுக் கிடந்தாள் என்று நான் நினைத்திருந்தேன். கூடவே படுத்து, கூடவே சாப்பிட்டு, நாள் முழுக்க அவளுக்காகக் கத்திய எனக்கு, அந்தக் குப்பிகள் எங்கே போயின என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"அதெல்லாம் பெரியவங்க பாத்துப்பாங்கம்மா" என்றார் ரீப்ளே. "உங்களுக்கு எதுக்கு?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நிறுத்தி நிறுத்திக் காட்டினீங்களே சார், அதெல்லாம் பிடிபட்டது. பிடிபடாததை எப்பக் காட்டுவீங்க?"

ரீப்ளே மேனேஜர் அம்மாவைப் பார்த்தார். மேனேஜர் அம்மா நின்றுபோன பெல்ட்டைப் பார்த்தார். அக்கா உட்காரவில்லை.